பன்னிரண்டு மணி விலை

சிங்கப்பூர்த் தேக்காவின் கெர்பாவ் ரோட்டில், தான் தெங் நியா வீட்டின் முன்னால் எந்த நேரம் போனாலும் யாராவது படம் எடுத்துக்கொண்டிருப்பார்கள். 1900ல் கட்டிய வீடு. ஜன்னலுக்கு ஒரு நிறம், கதவுக்கு ஒரு நிறம் என்று இன்று பூசியிருப்பதெல்லாம் பிற்காலத்து வண்ணம். கட்டியவர் சிராங்கூன் சாலையோரம் மிட்டாய் ஆலைகள் நடத்திய சீன முதலாளி. இதே கெர்பாவ் ரோட்டில் அவருக்கு ஒரு ரப்பர் புகைக்கூடமும் இருந்தது. பயணிகளைக் கூட்டிவரும் வழிகாட்டிகள் வண்ணத்தைச் சொல்கிறார்கள், மிட்டாயைச் சொல்கிறார்கள். எனக்கு முக்கியமானது அந்தப் புகைக்கூடம்.

தேக்கா என்றால் பூச்சரம், நகைக்கடை, தீபாவளி விளக்கு என்று ஆகிவிட்டது. நூறாண்டுக்கு முன் இது பொருள் விளைந்த, பதப்பட்ட, பொட்டலமான இடம். பஃபலோ ரோடு, கெர்பாவ் ரோடு, பெலிலியோஸ் ரோடு என்ற பெயர்களில் பழைய மாட்டு வணிகம் அப்படியே இருக்கிறது. அன்னாசியை டின்னில் அடைத்த ஆலைகள் இருந்தன, பிரம்பு வேலை நடந்தது. தோட்டங்களில் ரப்பர்க் கன்று பால் தரும் வயதுக்கு வரும்வரை நிரைகளுக்கு நடுவே அன்னாசி போடுவது அன்றைய வழக்கம். பிற்காலத்தில் பெரும் ரப்பர் முதலாளிகளான லிம் நீ சூனும் தான் கா கீயும் அன்னாசியிலும் சேர்த்தே பொருளீட்டியவர்கள். ஈரத் தகடாக வந்த ரப்பரைக் கம்பியில் தொங்கவிட்டு, விறகுப் புகையில் நாள்கணக்கில் உலர்த்தி, தேன் நிறத்தில் எடுத்து அடுக்கினார்கள். அந்த வாடை ஒருமுறை மூக்கில் ஏறினால் ஆயுசுக்கும் போகாது.

நான் ஜொகூரில் குளுவாங் பக்கத்து ரப்பர்த் தோட்டம் ஒன்றில் பிறந்தவள். அப்பாவும் அம்மாவும் பால்மரம் சீவியவர்கள். தட்டச்சுப் படித்துவிட்டு எழுபதுகளில் சிங்கப்பூருக்கு வந்து, சிசில் ஸ்திரீட்டில் ஒரு ரப்பர் வணிக நிறுவனத்தில் எழுத்தராகச் சேர்ந்தேன். முதல் தரப் புகைத் தகடு கிலோவுக்கு இத்தனை சென்ட் என்று நண்பகலில் விலை வரும். வாங்குவோர் விலை ஒன்று, விற்போர் விலை ஒன்று. அதைப் பதிவேட்டில் எழுதி, லண்டனுக்கும் ஜப்பானுக்கும் டெலக்ஸ் அடிப்பது என் வேலை. அன்றைக்குத் தோட்டக் கூலியில் ஒரு பங்கு ரப்பர் விலையோடு கட்டப்பட்டிருந்தது. 1954ல் தேசிய தோட்டத் தொழிலாளர் சங்கம் அமைந்த பிறகு முதலாளிகளோடு செய்த ஒப்பந்தங்களில் அந்த ஏற்பாடு தொடர்ந்தது: விலை ஏறினால் படி ஏறும், இறங்கினால் இறங்கும். விடுமுறைக்கு 170 எண் பஸ்ஸில் ஜொகூர் பாருவுக்குப் போய், அங்கிருந்து ஊர் போய்ச் சேர்ந்ததும் அப்பா கேட்கும் முதல் கேள்வி இதுதான்: “கித்தா வெல என்னம்மா போவுது?”

அந்த மாதக் கூலி எப்படி இருக்கும் என்பது எனக்கு முன்கூட்டியே தெரியும். அப்பாவுக்கு மாசக் கடைசியில் தோட்டக் கணக்கரான கிராணி சொன்னால்தான் தெரியும். மழை பெய்து மரம் ஈரமாக இருந்த நாள்கள், அரைநாள் கூலி என்று அரைப் பேர் போட்ட நாள்கள், பட்டையில் காயம் பட்டது என்று பிடித்த காசு எல்லாம் கழித்து அவர் கைக்கு வந்த தொகை எங்கள் அலுவலகத்தின் எந்தப் பதிவேட்டிலும் இல்லை. ஒரு கிலோ ரப்பருக்கு இரண்டு விலை உண்டு, அதில் ஒன்றைத்தான் சிங்கப்பூர் எழுதி வைக்கிறது என்பதை அந்த மேசையில் உட்கார்ந்துதான் தெரிந்துகொண்டேன். ஓய்வு பெற்ற பிறகு தேசிய நூலகத்தில் பழைய அறிக்கைகளைப் படிக்கத் தொடங்கினேன். ரப்பர் வருவதற்கு முன்பே இந்த இரண்டு விலைக் கதை ஆரம்பித்துவிட்டது.

1840களில் சிங்கப்பூரிலிருந்து ஒரு புதிய சரக்கு லண்டனுக்குப் போனது. மலாய்க்காரர்கள் தாபான் என்று சொல்லும் மரத்தின் பால், கட்டாபெர்ச்சா. வெந்நீரில் போட்டால் குழையும், விரும்பிய வடிவில் பிடிக்கலாம், ஆறினால் மரக்கட்டையாக இறுகும். காட்டில் வேலை செய்தவர்கள் பாராங் கத்திக்கு அதில் பிடி செய்துகொண்டிருந்தார்கள். இங்கே அரசு மருத்துவராக இருந்த வில்லியம் மாண்ட்கோமரி அந்தப் பிடியைக் கவனித்து, 1843 வாக்கில் லண்டனுக்கு மாதிரிகள் அனுப்பினார். சிங்கப்பூர் வணிகர் ஜோசே டி அல்மேடாவும் அதே காலத்தில் அனுப்பினார். மாண்ட்கோமரிக்குக் கலைக் கழகத்தின் பதக்கம் கிடைத்தது. கத்திப் பிடி செய்தவர்கள் பெயர் எதிலும் இல்லை.

இது வெறும் கைத்தடிக்கும் பொம்மைக்கும் பயன்பட்டிருந்தால் காடு தப்பித்திருக்கும். கடல்நீரில் கெடாது, மின்சாரத்தை வெளியே விடாது என்ற குணங்கள்தான் மரத்துக்கு எமனாயின. 1847ல் ஜெர்மனியில் வெர்னர் சீமன்ஸ் தந்திக் கம்பிமேல் இதை மூட்டில்லாமல் பூசும் இயந்திரம் செய்தார். 1851ல் இங்கிலாந்துக்கும் பிரான்சுக்கும் நடுவே கடலடித் தந்தி. 1866ல் அட்லாண்டிக் கடலுக்கு அடியில் நிலைத்து நின்ற தந்தி. 1870 முடிந்து 1871 பிறக்கும் தறுவாயில் மெட்ராஸ், பினாங்கு, சிங்கப்பூர் மூன்றையும் கடலடிக் கம்பி இணைத்தது. கப்பலில் வாரக்கணக்கில் வந்த மெட்ராஸ் சந்தை விலை அன்றிலிருந்து தந்தியில் வந்தது. அந்தக் கம்பியைச் சுற்றியிருந்த தோல், இந்தக் கடல்வட்டாரத்துக் காடுகளில் சாய்ந்த தாபான் மரங்களின் பால்.

ஏன் சாய்க்க வேண்டும்? தாபானின் பால் ரப்பர் போல ஓடி வடியாது. சின்னச் சின்ன அறைகளில் அடைபட்டுக் கிடக்கும், கீறினால் கொஞ்சம் கசிந்து நின்றுவிடும். அதனால் மரத்தைத் தரையில் வீழ்த்தி, தண்டு நெடுகப் பட்டையில் வளையம் வளையமாக வெட்டி, அதில் திரண்டதைச் சுரண்டினார்கள். பல ஆண்டு வளர்ந்த மரம் ஒன்று சில நூறு கிராம்தான் தரும். இங்கே இருந்த மருத்துவர் தாமஸ் ஆக்ஸ்லி 1847லேயே, சிங்கப்பூரில் அச்சான ஆய்விதழ் ஒன்றில், இப்படியே போனால் மரம் மிஞ்சாது என்று கவலையோடு எழுதிவிட்டார். அவர் எழுதிப் பத்து ஆண்டுக்குள் சிங்கப்பூர்த் தீவில் தாபான் ஏறத்தாழ இல்லாமல் போனது. வணிகம் நிற்கவில்லை. ஜொகூருக்குப் போனது, பேராக்குக்குப் போனது, சுமத்திராவுக்கும் போர்னியோவுக்கும் போனது. எங்கே வெட்டினாலும் சரக்கு சிங்கப்பூருக்கு வந்தது. இங்கே கழுவி, மறுபடி கொதிக்கவைத்து, தரம் பிரித்து, லண்டனுக்கு ஏற்றினார்கள்.

பழைய அறிக்கைகளைப் படிக்கும்போது எனக்கு வருகிற கோபத்தை மறைக்கத் தேவையில்லை. காட்டு மக்கள் அறிவில்லாமல் மரத்தை அழிக்கிறார்கள் என்று எழுதினார்கள். காட்டு மக்கள் உப்புக்கும் துணிக்கும் கத்திக்கும் பண்டமாற்றாகத்தான் பெரும்பாலும் இந்தப் பாலைக் கொடுத்தார்கள். அவர்களிடமிருந்து ஒரு தரகர், அவரிடமிருந்து ஆற்றுமுகத்தில் ஒரு வணிகர், அவரிடமிருந்து சிங்கப்பூர். இங்கே ஒரு பிக்குலுக்கு இத்தனை வெள்ளி என்று ஒவ்வோர் ஆண்டும் பதிவு இருக்கிறது. காட்டில் ஒரு கட்டிக்கு எத்தனை முழத் துணி என்ற பதிவு இல்லை. மரம் யாருக்கும் சொந்தமில்லை, இன்று நான் வெட்டாவிட்டால் நாளை அடுத்தவன் வெட்டுவான், வாங்குபவன் சாய்த்த மரத்துப் பாலா சாய்க்காத மரத்துப் பாலா என்று கேட்கப்போவதில்லை. இந்த நிலையில் எந்த மனிதன் மரத்தைக் காப்பான்? கம்பி போட்ட நிறுவனங்கள் மைல் கணக்கில் வாங்கின. அவற்றின் மேல் பழி விழவில்லை.

டச்சுக்காரர்கள் ஜாவாவில் 1885ல் சிப்பெதிர் என்ற இடத்தில் தாபான் தோட்டம் போட்டு, மரத்தைத் தொடாமல் இலையைப் பறித்து அரைத்துப் பால் எடுக்கும் வழி கண்டார்கள். அந்தத் தோட்டத்தின் பெயர் பொறித்த கட்டிகள் இப்போதும் ஐரோப்பியக் கடற்கரைகளில் ஒதுங்குகின்றன. முதல் உலகப்போரில் மூழ்கிய சரக்குக் கப்பலிலிருந்து அவை வெளிவருவதாகச் சொல்கிறார்கள். மரத்தைக் கொல்லாத வழி இருந்தது. அது வந்தபோது இங்கே மரம் இல்லை. சிங்கப்பூரில் 1883ல் தாவரவியல் பூங்காவின் பொறுப்பிலிருந்த நத்தானியேல் காண்ட்லி, தீவில் காடு அற்றுப்போவதை விரிவாக எழுதினார். புக்கிட் தீமா ஒதுக்குக் காடு அதன் விளைவு. இன்று அங்கே நடக்கப் போகிறவர்கள் அந்த அறிக்கையின் மேல்தான் நடக்கிறார்கள்.

காடு போனதற்குத் தாபானைவிடப் பெரிய காரணம் காம்பியர். தோல் பதனிடவும் வெற்றிலையோடு மெல்லவும் உதவும் சாறு. இலையைக் கொதிக்க வைக்க விறகுக்காகவே தோட்டத்துக்குச் சமமான காடு தேவைப்பட்டது. பதினைந்து இருபது ஆண்டில் மண் சோர்ந்துபோகும், லாலாங் புல் ஏறும், சீனத் தோட்டக்காரர்கள் அடுத்த காட்டுக்கு நகர்வார்கள். ஜொகூரின் ஆற்றோரக் குடியிருப்புகள் பலவும் அப்படி உண்டானவை. அது தனியாக எழுத வேண்டிய கதை.

பால்மரம் வந்த கதை பலருக்கும் தெரியும். 1876ல் ஹென்றி விக்கம் பிரேசிலிலிருந்து ஏறத்தாழ 70,000 விதைகளை லண்டன் கியூ தோட்டத்துக்குக் கொண்டுவந்தார். அவற்றில் முளைத்தவற்றின் பெரும்பங்கு இலங்கைக்குப் போனது. 1877ல் 22 கன்றுகள் சிங்கப்பூருக்கு வந்தன. நம் பழைய ஆட்கள் பூமலை என்று சொல்லும் தாவரவியல் பூங்காவில் அவற்றில் சில நின்றன. 1888ல் அங்கே இயக்குநராக வந்த ஹென்றி ரிட்லி செய்ததுதான் நான் அழுத்திச் சொல்ல விரும்புவது. பிரேசில் காட்டில் ரப்பர் மரத்தைக் கோடரியால் கொத்தினார்கள். ரிட்லி பட்டையை மெல்லிய சீவலாக, சாய்கோடாக எடுத்துப் பார்த்தார். பட்டைக்கும் கட்டைக்கும் நடுவே இருக்கும் உயிர்ப்படலத்தைத் தொடாமல் சீவினால் பால் வடியும், பட்டை மறுபடி வளரும், மறுநாளும் அதே காயத்தைத் திறக்கலாம், மரம் சாகாது. விடியலில் பால் நன்றாக ஓடும் என்பதையும் கண்டார். காப்பிதான் காசு என்றிருந்த தோட்டத் துரைமார்களிடம் விதையைப் பையில் போட்டுக்கொண்டு அலைந்ததால் அவருக்குப் பைத்தியக்கார ரிட்லி என்று பெயர் வந்தது. 1896ல் மலாக்காவில் தான் சே யான் வணிக அளவில் நட்டார். 1917க்குள் இந்தப் பூங்கா 70 லட்சத்துக்கும் மேற்பட்ட விதைகளை வெளியே கொடுத்திருந்தது. ரிட்லி நூறு வயது வாழ்ந்து 1956ல் இறந்தார்.

தாபானுக்கு நேர்ந்தது ரப்பருக்கு நேரவில்லை. ஒரு மரம் இருபத்தைந்து முப்பது ஆண்டு பால் தரும். இது பெரிய சாதனை, அதைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் அந்த முறையைப் பூங்காவிலிருந்து தோட்டத்துக்குக் கொண்டுபோனது ஒரு காகிதம் அல்ல, கை. ஒரு மில்லிமீட்டரைவிடச் சற்றே கனமான சீவல். நெற்றி விளக்கு வெளிச்சத்தில், கொசுக்கடியில், ஒரு விடியலுக்கு நானூறு ஐந்நூறு மரம். ஆழம் போதாவிட்டால் பால் வராது, கொஞ்சம் கூடினால் மரத்துக்குக் காயம். என் அம்மா உளியைப் பட்டையில் வைத்தால் சீவல் அறுபடாமல் சுருண்டு விழும். பால் ஏந்தும் மங்கைத் துடைத்து மாட்டிவிட்டு அடுத்த மரத்துக்குப் போகும்போதே ஒட்டுப்பாலை உரித்துக் கூடையில் போடுவார். மரம் முப்பது ஆண்டு வாழ்ந்தது என்றால் இப்படிப்பட்ட கைகளால். வளங்குன்றா உற்பத்தி என்று இன்று மேடைகளில் பேசுவதை என் அம்மா கூலிக்குச் செய்தார்.

கூலி என்ன? ஒப்பந்தக் கூலிமுறை 1910ல் ஒழிந்த பிறகு கங்காணிகள் வழியாகவும், 1907ல் ஏற்படுத்திய குடியேற்ற நிதியின் செலவிலும் தமிழர்கள் வந்தார்கள். 1920களின் இறுதியில் மலாயாவின் முக்கியப் பகுதிகளில் இந்தியத் தொழிலாளிக்கு அரசு வகுத்த நாள்கூலி ஆணுக்கு 50 சென்ட், பெண்ணுக்கு 40 சென்ட். அன்றைய நாணய மாற்றில் 50 சென்ட் என்பது 14 பென்ஸ். 1925 கடைசியில் லண்டனில் ஒரு பவுண்டு ரப்பர் நாலு ஷில்லிங்குக்கு மேல் விற்றது. நாலு ஷில்லிங் என்றால் 48 பென்ஸ். இந்தக் கூலியை வைத்துப் பார்த்தாலும் ஒரு பவுண்டு ரப்பரின் விலை ஓர் ஆணின் மூன்று நாள் உழைப்புக்கு மேல். 1932ல் விலை இரண்டு பென்சுக்கும் கீழே விழுந்தபோது கூலியைக் குறைத்தார்கள், ஆட்களைக் கப்பலேற்றி மெட்ராசுக்கும் நாகப்பட்டினத்துக்கும் திருப்பி அனுப்பினார்கள். விலை ஏறியபோது காட்டாத வேகத்தை இறங்கியபோது காட்டினார்கள். 1938ல் இந்திய அரசு உதவி பெற்றுப் போகும் குடியேற்றத்தை நிறுத்தியதற்குக் கூலித் தகராறுதான் காரணம்.

தோட்டத் தொழிலாளிக்காவது ஒரு கூலிப் பட்டியல் இருந்தது. சொந்தமாக நாலு ஏக்கர், ஐந்து ஏக்கர் வைத்திருந்த மலாய்க்காரருக்கும் சீனருக்கும் அதுவும் இல்லை. 1922 நவம்பரில் ஸ்டீவன்சன் திட்டம் வந்தது. விலையைத் தூக்கி நிறுத்த, ஒவ்வொரு தோட்டமும் ஏற்றுமதி செய்யும் அளவுக்கு வரம்பு. வரம்பை எப்படி வகுத்தார்கள்? 1919 நவம்பர் முதல் 1920 அக்டோபர் வரை எவ்வளவு விளைந்தது என்ற கணக்கை வைத்து. கம்பெனித் தோட்டத்தில் கணக்குப் புத்தகம் இருந்தது. கம்பத்தில், அதாவது கிராமத்தில், மரம் வைத்திருந்தவரிடம் என்ன புத்தகம் இருக்கும்? அதிகாரிகள் மதிப்பிட்டுக் கொடுத்த அளவு அவர்கள் உண்மையில் எடுத்ததைவிடக் குறைவாக இருந்தது. 1934ல் வந்த பன்னாட்டுக் கட்டுப்பாட்டிலும் இதே குறை தொடர்ந்தது. பி.டி. பாவர் 1948ல் எழுதிய ரப்பர்த் தொழில் பற்றிய நூலில் இதை விரிவாகக் காட்டினார். நெருக்கமாக மரம் வைத்து, புல்லைச் சுரண்டாமல் விடுகிறார்கள் என்று சிறு விவசாயிகளைக் குறை சொன்னார்கள். துரைமார் தோட்டத்தில் புல் பூண்டு இல்லாமல் சுரண்டியதால்தான் மழைக்கு மண் கரைந்து ஓடியது. பிற்பாடு அவர்களே மூடுபயிர் போட்டார்கள்.

இதில் நம்மவர் பங்கையும் சொல்லாமல் விடக்கூடாது. மார்க்கெட் ஸ்திரீட் கிட்டங்கிகளில் உட்கார்ந்து செட்டியார்கள் கொடுத்த கடன் இல்லாமல் சிறு தோட்டங்கள் பல எழுந்திருக்காது. வங்கிகள் ஏறெடுத்தும் பார்க்காத ஆட்களுக்கு அவர்கள் கொடுத்தார்கள். 1930களின் நெருக்கடியில் வட்டி கட்ட முடியாமல் அடமான நிலங்கள் கைமாறியதும் உண்மை. பற்று வரவு ஏடுகளில் கடன் வாங்கியவரின் ரப்பர் விலை விழுந்த கதை இருக்காது, பாக்கி மட்டும் இருக்கும்.

சிங்கப்பூர் 1911ல் தன் சொந்த ரப்பர் ஏலத்தைத் தொடங்கியது. அதுவரை லண்டன் சொன்ன விலைதான் விலை. கொரியப் போரின்போது ஒரு பவுண்டு ரப்பர் இரண்டு வெள்ளியைத் தாண்டியதை எங்கள் தோட்டத்துப் பெரியவர்கள் சொல்லிச் சொல்லி மாய்வார்கள். நான் வேலையிலிருந்தபோது இன்னொரு முயற்சி நடந்தது. வாங்கும் நாடுகளும் விளைவிக்கும் நாடுகளும் சேர்ந்து 1979ல் பன்னாட்டு இயற்கை ரப்பர் ஒப்பந்தம் செய்தன. கோலாலம்பூரில் அலுவலகம். விலை மிகவும் விழுந்தால் பொதுக் கிடங்குக்கு வாங்குவது, மிகவும் ஏறினால் விற்பது. தொடக்கத்தில் நடுவிலையாகக் கிலோவுக்கு 210 சென்ட் வைத்தார்கள். கிடங்கு மேலாளர் வாங்க வருகிறார் என்று செய்தி வந்தால் எங்கள் அறையில் தொலைபேசிகள் ஓயாது. அப்போது எனக்கு அது பெரிய நம்பிக்கையாக இருந்தது. 1997 ஆசிய நிதி நெருக்கடிக்குப் பிறகு உறுப்பு நாடுகள் விலகின. 1999ல் எல்லாம் முடிந்தது. சந்தை தானே பார்த்துக்கொள்ளும் என்றார்கள். சந்தை எப்படிப் பார்த்துக்கொண்டது? 2011 தொடக்கத்தில் கிலோ ஐந்து அமெரிக்க டாலரைத் தாண்டிய ரப்பர், 2016 தொடக்கத்தில் ஒன்றேகால் டாலருக்கும் கீழே கிடந்தது. ஐந்தே ஆண்டில்.

இன்று உலகம் பார்க்கும் விலை சிங்கப்பூர்ப் பங்குச் சந்தையில் வரும் டிஎஸ்ஆர் 20 ரப்பரின் விலை. டயருக்குப் போகும் ரப்பர் அது. பெரும்பாலும் மங்கிலேயே உறைந்த கட்டிப்பாலிலிருந்து செய்வது. நாங்கள் கழிவு என்று கூடையில் போட்டதுதான் இன்றைக்கு முதன்மைச் சரக்கு. தோட்டக் கம்பெனிகளும் பெரும்பாலும் விலகிவிட்டன. உலக இயற்கை ரப்பரில் 85 விழுக்காட்டுக்கு மேல் தாய்லாந்திலும் இந்தோனேசியாவிலும் பிற நாடுகளிலும் உள்ள சிறு விவசாயிகள் தருவது. சுமத்திராவின் ஜாம்பியில் இரண்டு ஹெக்டர் வைத்திருப்பவர் வாரம் ஒருமுறை கட்டிப்பாலைச் சாலையோரத்தில் வைக்கிறார். தரகர் வருகிறார். கட்டியைத் தூக்கிப் பார்த்து, இதில் இத்தனை பங்கு தண்ணீர், இத்தனை பங்கு பட்டை என்று கண்ணாலேயே கழிக்கிறார். விலையை ஏமாற்றுவதைவிட இந்தக் கழிவில் ஏமாற்றுவது எளிது. அவரிடமிருந்து இன்னொருவர், பிறகு ஆலை, பிறகு சிங்கப்பூர். தாபான் வந்த அதே வழி.

வேறொரு பயிரில் இதற்கு ஒரு வழி பிறந்தது. ஜாவாவில் டச்சு அரசு விவசாயிகளைக் கசக்கிக் காப்பி விளைவித்த கொடுமையை அங்கே அதிகாரியாக இருந்த ஒருவர் 1860ல் மாக்ஸ் ஹாவெலார் என்ற நாவலாக எழுதினார். 1988ல் நெதர்லாந்தில் நியாய வணிகக் காப்பிக்கு முதல் முத்திரை வந்தபோது அந்தப் பெயரையே வைத்தார்கள். முத்திரையின் அடிப்படை ஒன்றுதான்: சந்தை எவ்வளவு விழுந்தாலும் விளைவித்தவருக்கு இதற்குக் கீழே கொடுக்க மாட்டோம் என்று முன்கூட்டியே எழுதிக் கொடுப்பது. காப்பிக்கும் கோக்கோவுக்கும் வேர்விட்ட அந்த முறை ரப்பருக்கு வரவில்லை. காப்பிப் பொட்டலத்தைக் கையில் எடுப்பவர் அதைக் குடிப்பவர். கார் டயரின் ரப்பர் எந்த மரத்தது என்று யாரும் கேட்பதில்லை. ஜெர்மனியில் ஒரு சிறு சங்கம் கிலோ உலர் ரப்பருக்கு அரை யூரோ கூடுதலாக விளைவித்தவருக்கே சேர்ப்பிக்கிறது. பந்து, கையுறை, மெத்தை செய்பவர்கள் அதில் வாங்குகிறார்கள். நம் கன்னியாகுமரி மாவட்டத்து ரப்பரும் அந்த வழியில் போயிருக்கிறது. நல்ல வேலை. மொத்த வணிகத்தில் அது ஒரு துளி.

பெரிய நிறுவனங்கள் சேர்ந்த அமைப்பு 2018 அக்டோபரில் இங்கே சிங்கப்பூரில்தான் தொடங்கியது. நிலையான இயற்கை ரப்பருக்கான உலகத் தளம் என்று தமிழில் சொல்லலாம். மிஷெலின், பிரிட்ஜ்ஸ்டோன், குட்இயர் போன்ற டயர்க் கம்பெனிகள் இருக்கின்றன, காட்டுயிர் அமைப்புகள் இருக்கின்றன. 2020ல் சிறு விவசாயிகளையும் உறுப்பினராகச் சேர்த்து வாக்குரிமை கொடுத்தார்கள். அதை நான் மனமார வரவேற்கிறேன். ஸ்டீவன்சன் திட்டத்தை வகுத்தவர்கள் ஒரு கம்பத்துக்காரரையும் மேசையில் உட்காரவைக்கவில்லை.

ஐரோப்பிய ஒன்றியம் 2023ல் ஒரு சட்டம் இயற்றியிருக்கிறது. 2020 டிசம்பர் 31க்குப் பிறகு காடழித்த நிலத்தில் விளைந்த ரப்பர், காப்பி, பாமாயில் முதலியவை அங்கே நுழையக்கூடாது. ஒவ்வொரு சரக்கும் எந்த நிலத்தில் விளைந்தது என்று இட அளவுக் குறிப்புக் கொடுக்க வேண்டும். நடைமுறைக்கு வரும் தேதி தள்ளிக்கொண்டே போகிறது. 2013 ஜூனில் சுமத்திராக் காட்டுத்தீயின் புகை இந்த ஊரின் காற்றுமாசுக் குறியீட்டில் 401 புள்ளியைத் தொட்ட நாளில் மூச்சுத் திணறியவர்களில் நானும் ஒருத்தி. காட்டைக் காக்கும் சட்டம் வேண்டும். ஆனால் பட்டா இல்லாதவர், நிலத்தின் வரைபடம் இல்லாதவர், தரகரின் லாரியில் தன் கட்டிப்பாலைப் பத்துப் பேர் கட்டிகளோடு கலந்து அனுப்புகிறவர் என்ன செய்வார்? 1922ல் கணக்குப் புத்தகம் இல்லாதவரின் வரம்பு குறைந்தது. இப்போது வரைபடம் இல்லாதவரின் சரக்கு நிற்கும். வரைபடத்துக்கான செலவை டயர் வாங்குபவர் ஏற்காவிட்டால் அது மரம் சீவுபவரின் விலையிலிருந்துதான் கழியும்.

வழி இல்லாமல் இல்லை. தாய்லாந்தில் ஹட்யாயில் 1991ல் அரசு நடத்தும் மத்திய ரப்பர் சந்தை வந்தது. விவசாயி கொண்டுவந்ததை அவர் கண் முன்னால் நிறுத்து, தரம் பார்த்து, ஏலத்தில் விட்டு, கிடைத்த விலையை வெளியே எழுதிப் போடுகிறார்கள். தெற்குச் சுமத்திராவிலும் ஜாம்பியிலும் விவசாயிகள் குழுவாகச் சேர்ந்து கட்டிப்பாலை ஒன்றாக ஏலம் விடுகிறார்கள். உலர் ரப்பர் எத்தனை விழுக்காடு என்பதைக் கண்ணால் அளக்காமல் கருவியால் அளக்கிறார்கள். தரகர் கொடுப்பதைவிட அங்கே கூடக் கிடைக்கிறது.

என்னைப் பேச அழைக்கும் இடங்களிலெல்லாம் நான் கேட்பது ஒன்றுதான். சிங்கப்பூர் தினமும் உலகத்துக்கு ரப்பர் விலை சொல்கிறது. அதன் கீழே இன்னொரு வரி வேண்டும்: அன்றைக்கு ஜாம்பியிலும் ஹட்யாயிலும் சோங்க்லாவின் கிராமங்களிலும் ஒரு கிலோவுக்கு விவசாயி கையில் எவ்வளவு கொடுத்தார்கள், ஈரத்துக்கு எவ்வளவு கழித்தார்கள், அந்த மரத்தை வேறொருவர் சீவினார் என்றால் அவர் பங்கு எவ்வளவு. டெலக்ஸ் காலத்தில் இதைத் திரட்ட முடியாது என்று சொல்லியிருந்தால் நம்பியிருப்பேன். இன்று அந்த விவசாயியின் கையிலேயே தொலைபேசி இருக்கிறது, சிங்கப்பூர் விலையை அவர் அதில் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறார். அவருக்குக் கிடைத்த விலையை நாம் பார்க்கும் ஏற்பாடுதான் இன்னும் இல்லை.